டௌனி ஊர்ல மூணு கடை: ஒண்ணை இடிச்சாங்க, ஒண்ணு தப்பிச்சது, ஒண்ணு லாரில போச்சு

2007 ஜனவரி 7, ஞாயித்துக்கிழமை. சிட்டி ஆபீஸ் எல்லாம் லீவு. கலிபோர்னியால டௌனின்னு ஒரு ஊர், லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுன்ல இருந்து தென்கிழக்கே 20 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். அங்க ஃபயர்ஸ்டோன் புலவார்டு மேல நின்னுட்டிருந்த ஜானீஸ் பிராய்லர்ங்கற பழைய ஓட்டலை மெஷின் விட்டு இடிக்க ஆரம்பிச்சாங்க. பர்மிட் கிடையாது, யார்கிட்டயும் கேக்கல. தகவல் போய் போலீஸ் வந்து நிறுத்துறதுக்குள்ள கட்டடத்துல பெரும்பகுதி போயிடுச்சு. 49 வருஷமா நின்ன கட்டடம், ஒரு மத்தியானத்துல கல்லும் கம்பியுமா கிடந்துச்சு.

அந்த இடிபாட்டுல இருந்து அந்த ஓட்டல் திரும்ப எழுந்து நின்னு இன்னைக்கும் பர்கர் போட்டுக்கிட்டு இருக்கு. எப்படின்னு தான் இங்க எழுதப் போறேன். ஆனா இந்த ஒரு ஓட்டலை மட்டும் பாத்தா பாதிதான் புரியும், ஏன்னா அதே ஊர்ல இன்னும் ரெண்டு கடை இருந்துச்சு, அதுங்களுக்கு வேற மாதிரி முடிவு. ஒரே ஊர், ஒரே காலம், ஒரே மாதிரி ரோட்டோர கடைங்க, ஆனா மூணு தலையெழுத்து. பழைய கட்டடத்தைக் காப்பாத்தணும்னு நினைக்கிற யாருக்கும் டௌனியை விட நல்ல பாடம் கிடைக்காதுன்னு நான் நம்பறேன். தெற்கு கலிபோர்னியால இருக்கற நம்ம ஆளுங்க மளிகை வாங்க, தோசை சாப்பிட ஆர்டீசியா பயோனியர் புலவார்டுக்குப் போவாங்கல்ல, அங்கேர்ந்து பத்து கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துல தான் இதெல்லாம் இருக்கு. நானும் அப்படித்தான் முதல் தடவை போனேன், மசாலா வாங்கிட்டு திரும்பறப்ப சித்தப்பா பையன் "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம், ஒரு போர்டு காட்டறேன்"னு வண்டியைத் திருப்பினான்.

ராக்கெட் ஊர்

முதல்ல ஊரைப் பத்தி சொல்லிடறேன், இல்லாட்டி அந்தக் கட்டடங்க ஏன் அப்படி பறக்கற மாதிரி இருக்குன்னு விளங்காது. டௌனில நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் கம்பெனியோட பெரிய ஃபேக்டரி இருந்துச்சு. நிலாவுக்கு ஆளுங்க போன அப்போலோவோட கமாண்ட் மாட்யூல், அதாவது மூணு பேர் உக்காந்து போன அந்த கூம்பு வடிவ கேபின், அதை இங்கதான் கட்டினாங்க. பின்னாடி ஸ்பேஸ் ஷட்டில் டிசைன் வேலையும் இங்க நடந்துச்சு. 1957 அக்டோபர்ல ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை மேல அனுப்பறான், 1958ல அமெரிக்கா நாசாவைத் தொடங்குது, அதே 1958ல தான் டௌனில ஹார்வீஸ் பிராய்லர் திறக்கறாங்க. அதுதான் பின்னாடி ஜானீஸ் ஆச்சு. பகல்ல ஃபேக்டரில ஏவுகணை வேலை பாத்தவன் சாயங்காலம் பொண்டாட்டி புள்ளைங்களோட கார்ல வந்து சாப்பிடற ஓட்டலும் ராக்கெட் மாதிரியே இருந்துச்சு. எதிர்காலம்ங்கறது அந்த ஊருக்கு கதைப் புத்தகத்துல வர்ற விஷயம் இல்ல, மாசச் சம்பளம்.

இந்த ஸ்டைலுக்கு கூகின்னு பேர். 1949ல ஹாலிவுட் சன்செட் புலவார்டுல ஜான் லாட்னர்ங்கற ஆர்க்கிடெக்ட் ஒரு காபி ஷாப் கட்டினார், அதுக்கு கூகீஸ்னு பேர் வெச்சாங்க, ஓனரோட மனைவியோட செல்லப்பேர் அது. லாட்னர் சாதாரண ஆள் இல்ல, ஃபிராங்க் லாய்ட் ரைட்கிட்ட படிச்சவர். 1952ல டக்ளஸ் ஹாஸ்கெல்ங்கற பத்திரிகை ஆசிரியர் அந்த வழியா போறப்ப அதைப் பாத்துட்டு, ஒரு கற்பனை புரொபசரை வெச்சு இந்த மாதிரி கட்டடங்களைப் பத்தி கிண்டலும் பாராட்டும் கலந்து ஒரு கட்டுரை எழுதினார், அதுல தான் இந்தப் பேரை மொத்த ஸ்டைலுக்கும் வெச்சார். அப்புறம் ரொம்ப வருஷத்துக்கு படிச்ச ஆர்க்கிடெக்டுங்க நடுவுல கூகின்னா திட்டற வார்த்தை. அந்த முதல் கூகீஸ் கடையை 1989ல இடிச்சிட்டாங்க. ஒரு ஸ்டைலுக்கே பேர் குடுத்த கட்டடம் போச்சு, அதை நினைச்சா எனக்கு இன்னமும் மனசு ஆறல.

ஏன் அப்படி கோணல்மாணலா கூரை, வானத்தைக் குத்தற போர்டு, பூமராங் வடிவம், நட்சத்திரம் வெடிக்கற மாதிரி விளக்கு எல்லாம்? அலங்காரத்துக்காகன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது பாதிதான் சரி. கார்ல 60 கிலோமீட்டர் வேகத்துல வர்றவனுக்கு ஒரு கடையைப் பாத்து, என்ன கடைன்னு புரிஞ்சு, பசிக்குதான்னு யோசிச்சு, பிரேக் போட்டு திரும்ப சில செகண்ட் தான் டைம். நடந்து போறவனுக்கு வாசல்ல ஒரு சின்ன போர்டு போதும், கார்ல வர்றவனுக்கு கட்டடமே போர்டா இருக்கணும். அதனால கூரையை முன்பக்கமா தூக்கி விட்டாங்க, முழு முகப்பையும் கண்ணாடியாக்கி ராத்திரில உள்ள எரியற வெளிச்சமே விளம்பரமா வேலை செய்யற மாதிரி பண்ணாங்க. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஸ்டீலும் பெரிய பெரிய கண்ணாடித் தகடும் சுலபமா கிடைச்சுது, ஏசி வந்துச்சு, அதனால கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்தாலும் வேகாம இருக்க முடிஞ்சுது. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம், மறுபக்கம் அந்தரத்துல நிக்கற கேன்டிலீவர் கூரை எல்லாம் அப்பதான் ரோட்டுக் கடை வரைக்கும் இறங்கி வந்துச்சு.

உள்ளயும் அதே அக்கறை. ஆர்மெட் அண்ட் டேவிஸ்னு ஒரு கம்பெனி லாஸ் ஏஞ்சலஸ்ல இந்த மாதிரி காபி ஷாப் நிறைய டிசைன் பண்ணுச்சு, 1958ல கட்டின பான்ஸ் அவங்களுது தான், இன்னமும் நடக்குது. அந்த பான்ஸோட உள்வேலை ஹெலன் ஃபாங்னு ஒரு சீன அமெரிக்கப் பெண் பண்ணது, லாஸ் ஏஞ்சலஸ் சைனாடவுன்ல பொறந்தவங்க. இவங்க கடைகள்ல கவுண்டர் முன்னாடி இருக்கற ஸ்டூலைப் பாத்தீங்கன்னா தரைல கால் ஊனாது, கவுண்டர் பக்கத்துல இருந்து நீட்டிக்கிட்டு இருக்கும். பாக்க மிதக்கற மாதிரி இருக்கும், ஆனா ராத்திரி கடை கூட்டறவங்களுக்கு மாப்பு நேரா அடில போயிட்டு வரும், அழுக்கு தங்காது. சமையல்காரர் கிரில்ல வேலை செய்யறதை கஸ்டமர் நேருக்கு நேர் பாக்கற மாதிரி கிச்சனைத் திறந்து வெச்சதும் இந்த மாதிரி கடைங்க தான். இதையெல்லாம் வெறும் ஷோன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவமே வரும். சாப்பாட்டுக் கடையில வேலை செய்யறவன் எங்க குனிவான், எங்க கை நீட்டுவான்னு யோசிச்சுக் கட்டினவங்க இவங்க.

ஹார்வீஸ்ல இருந்து ஜானீஸ் வரைக்கும்

1958ல திறந்த ஹார்வீஸ் பிராய்லரை டிசைன் பண்ணவர் பால் கிளேட்டன். உக்காந்து சாப்பிடற காபி ஷாப் ஒண்ணு, அதோட கார்லயே இருந்து சாப்பிடற டிரைவ்-இன் ஒண்ணு, ரெண்டும் ஒரே இடத்துல. கார் நிறுத்த நீளமா நிழல் கூரை, ரோட்டைப் பாத்து பெரிய கண்ணாடி, அதுக்கெல்லாம் மேல உயரமா போர்டு, அதுல ஒரு குண்டுப் பையன் பொம்மை. 60கள்ல டௌனி, சுத்துப்பட்டு ஊர் பசங்க எல்லாம் காரை மெருகேத்திக்கிட்டு வெள்ளி, சனி ராத்திரி இங்க வந்து சுத்துவாங்க. ஒரு சுத்து வந்துட்டு ஃபயர்ஸ்டோன்ல ஏறி திரும்ப இன்னொரு சுத்து. யார் யாரோட வந்தாங்க, யார் வண்டில புது இன்ஜின், யாரோட காதல் முறிஞ்சுது, எல்லாம் அந்த நிழல் கூரைக்கு அடில தான். நம்ம ஊர்ல கோயில் வாசல், பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கு இருக்கற இடம், அந்த ஊர்ல இந்த ஓட்டலுக்கு.

60கள் கடைசில கை மாறி ஜானீஸ் பிராய்லர் ஆச்சு. அதே சமயத்துல ரசனையும் மாறிடுச்சு. நெடுஞ்சாலை ஓரத்துல பளபளன்னு போர்டு வெக்கறது அசிங்கம்னு ஒரு பேச்சு, 1965ல அதுக்கு ஒரு மத்திய சட்டமே வந்துச்சு. அப்புறம் 70கள்ல பெட்ரோல் தட்டுப்பாடு, கார்ல சும்மா சுத்தறது குறைஞ்சுது. கடைங்க எல்லாம் பழுப்பு கலர், செங்கல், சரிஞ்ச ஓட்டுக் கூரைன்னு அடக்க ஒடுக்கமா மாற ஆரம்பிச்சுது. நியான் போட்ட கடைன்னா பழசு, மட்டம்னு ஆச்சு. ஜானீஸ் எப்படியோ தாக்குப்பிடிச்சு 2001 கடைசி வரைக்கும் ஓடுச்சு, அப்புறம் அடுப்பை அணைச்சாங்க. அந்த இடத்தை பழைய கார் விக்கறவங்களுக்கு குத்தகைக்கு விட்டாங்க. கார்ல வந்து சாப்பிட்ட நிழல் கூரைக்கு அடில விக்கறதுக்கு கார் நின்னுச்சு.

இந்தக் கேஸ்ல என் கண்ணுக்கு முக்கியமா படற இடம் இதுதான், இடிச்ச நாள் இல்ல, அடுப்பு அணைஞ்ச நாள். ஓட்டலா இருந்த வரைக்கும் அந்த கட்டடத்துக்கு கூரை ஒழுகினா ஓனருக்கு வலிக்கும், போர்டுல ஒரு லெட்டர் அணைஞ்சா கஸ்டமர் கேப்பாங்க. கார் லாட்டா மாறினதும் அந்த இடத்துக்கு வேண்டியது காலி தரை மட்டும் தான், கட்டடம் நடுவுல நிக்கற தொந்தரவு.

காகிதத்துல இருந்த பாதுகாப்பு

ஆபத்து வரும்னு தெரிஞ்சவங்க முன்னாடியே வேலை பாத்தாங்க, அதையும் சொல்லணும். பழைய கட்டடங்களைக் காப்பாத்த லாஸ் ஏஞ்சலஸ் கன்சர்வன்ஸின்னு ஒரு அமைப்பு இருக்கு, அதுல போருக்குப் பிந்தைய கட்டடங்களுக்குன்னு மாடர்ன் கமிட்டின்னு தனியா ஒரு தன்னார்வலர் கூட்டம். 1984ல வெஸ்ட்வுட்ல ஷிப்ஸ்ங்கற அருமையான கூகி காபி ஷாப்பை ஆபீஸ் டவர் கட்டறதுக்காக இடிச்ச கோவத்துல உருவான கூட்டம் அது. பர்பேங்க்ல 1949ல கட்டின பாப்ஸ் பிக் பாய் ஓட்டலுக்கு 1993ல மாநில அளவுல வரலாற்று அங்கீகாரம் வாங்கிக் குடுத்ததுலயும் இவங்க பங்கு இருக்கு. ஜானீஸுக்காகவும் இவங்களும் ஊர்க்காரங்களும் அலைஞ்சாங்க. 2002ல வரலாற்று இடங்களுக்கான மாநில கமிஷன் இந்தக் கட்டடம் கலிபோர்னியா வரலாற்றுப் பதிவேட்டுல சேர தகுதி உள்ளதுன்னு தீர்மானம் போட்டுச்சு.

தகுதி உள்ளதுன்னா சேத்தாச்சுன்னு அர்த்தம் இல்ல. கலிபோர்னியால தனியார் சொத்தை ஓனர் சம்மதம் இல்லாம பதிவேட்டுல ஏத்த முடியாது, தகுதி உண்டுன்னு மட்டும் முடிவு பண்ணலாம். அதுக்கும் ஒரு பலன் இருக்கு. 1970ல வந்த மாநில சுற்றுச்சூழல் சட்டப்படி, இப்படி தகுதி உள்ள கட்டடத்தை இடிக்கணும்னா அதனால என்ன இழப்பு, வேற வழி இருக்கான்னு ஆய்வு பண்ணிட்டு தான் பர்மிட் குடுக்கணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, இந்தப் பாதுகாப்பு முழுக்க பர்மிட் கேட்டு வர்றவனுக்குத் தான். கேக்காமயே ஞாயித்துக்கிழமை மெஷினை விடறவனை அந்த சட்டம் என்ன பண்ணும்? அதான் நடந்துச்சு. நிலத்துக்கு சொந்தக்காரங்க வேற, குத்தகைக்கு எடுத்திருந்தவர் வேற, இடிக்க வெச்சது குத்தகைக்காரர் தரப்பு. கேஸ் போட்டாங்க, ஆனா இந்த மாதிரி கேஸ்ல தண்டனை சின்னது தான். ரோட்டு மேல இருக்கற அவ்வளவு பெரிய மனையோட மதிப்புக்கு முன்னாடி அபராதம் எல்லாம் ஒரு செலவுக் கணக்கு மாதிரி ஆயிடும். இடிக்கறவங்க கணக்கு எப்பவும் இதான்: கட்டடம் இருந்தா சண்டை, கட்டடம் இல்லைன்னா சண்டை போட ஒண்ணும் இல்ல.

டௌனி சிட்டி அந்தக் கணக்கை உடைச்சுது. அந்த மனைல கொஞ்ச காலத்துக்கு புதுசா எதுவும் கட்டக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. இடிச்சும் பிரயோஜனம் இல்ல, காலி மனை சும்மா கிடக்கும், வாடகை கொட்டாது. ஜெயில், அபராதம் எல்லாத்தையும் விட இது தான் பலமான ஆயுதம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா இடிச்சதுக்கான காரணத்தையே இது பிடுங்கிடுது. தடை இருந்த காலத்துல ஊர்க்காரங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைச்சுது. அவங்க அந்த நேரத்தை வீணாக்கல, திரும்பக் கட்டணும்னு கூட்டம் சேத்து விடாம பேசினாங்க. அதுவரைக்கும் "பழைய ஓட்டல் தானே"ன்னு போயிட்டிருந்தவங்க கூட, இடிபாட்டைப் பாத்ததும் தான் அது தன்னோட வாழ்க்கைல எவ்வளவு இடம் பிடிச்சிருந்துச்சுன்னு உணர்ந்தாங்க. செத்தப்புறம் வர்ற பாசம்னு சொல்லலாம், ஆனா இங்க அந்தப் பாசம் வேலை செஞ்சுது.

திரும்ப எரிஞ்ச அடுப்பு

மெஷின் எல்லாத்தையும் தின்னல. ரோட்டைப் பாத்த போர்டும், கார் நிக்கற நிழல் கூரையும், முகப்புல கொஞ்சமும் மிச்சம் இருந்துச்சு. டாரன்ஸ்ல பாப்ஸ் பிக் பாய் ஓட்டல் நடத்திட்டிருந்த ஒருத்தர் 2008ல இடத்தை குத்தகைக்கு எடுத்தார். பாப்ஸ் பிக் பாய்ங்கறது 1936ல பாப் வியான்ங்கறவர் கிளென்டேல்ல ஒரு சின்ன ஸ்டாண்டுல தொடங்கினது, ரெண்டு அடுக்கு பர்கருக்குப் பேர் போன கடை, கலிபோர்னியா கார் கலாச்சாரத்தோட சொந்தக்காரன்னே சொல்லலாம். அதனால இந்த இடத்துக்கு அது வெளியாள் இல்ல. பழைய பிளானை வெச்சு, மிச்சம் நின்ன பாகங்களை உள்ள சேத்து, போனதைத் திரும்பக் கட்டினாங்க. 2009 அக்டோபர்ல பாப்ஸ் பிக் பாய் பிராய்லர்னு திறந்துச்சு. பழைய பேர்ல இருந்த பிராய்லரை விடல பாருங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. 2010ல லாஸ் ஏஞ்சலஸ் கன்சர்வன்ஸி இந்த வேலைக்கு விருது குடுத்துச்சு.

இது அசலா நகலான்னு கேக்கறவங்க உண்டு, நியாயமான கேள்வி தான். அமெரிக்க மத்திய அரசோட விதிமுறைல பழைய கட்டடத்துக்கு நாலு விதமான வேலை சொல்லியிருக்கு: இருக்கறதை அப்படியே காக்கறது, இன்னைய பயன்பாட்டுக்கு ஏத்த மாதிரி சீர் பண்றது, ஒரு காலத்து நிலைக்குத் திருப்பறது, போனதைத் திரும்பக் கட்டறது. கடைசி ரகத்துக்கு கண்டிப்பு அதிகம், பிளான், போட்டோ மாதிரி ஆதாரம் வேணும், ஊகிச்சுக் கட்டக் கூடாது, இது புதுசாக் கட்டினதுன்னு தெரியவும் வேணும். டௌனி கட்டடம் அசல் பாகமும் புதுப் பாகமும் கலந்தது. 1958ல பூசின சுவர் 2007ல போனது போனது தான், அதை யாராலயும் கொண்டு வர முடியாது, விருது குடுத்ததால அந்த இழப்பு இல்லைன்னு ஆகாது. ஆனாலும் நான் இதை நகல்னு சொல்ல மாட்டேன். அதே மனை, அதே போர்டு நின்ன இடம், அதே நிழல் கூரை, அதே தொழில்.

நகல்னா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா சிகாகோ பக்கம் டெஸ் பிளெய்ன்ஸ் போங்க. 1955 ஏப்ரல்ல, மெக்டொனால்ட்ஸை பின்னாடி பெரிய கம்பெனியாக்கின ரே கிராக் அங்க தன்னோட முதல் மெக்டொனால்ட்ஸைத் திறந்தார். 1984ல அதை இடிச்சிட்டு, மறு வருஷம் அதே மாதிரி ஒண்ணு கட்டி மியூசியம்னு வெச்சாங்க. உள்ள மெழுகு பொம்மை மாதிரி ஆளுங்க, பர்கர் கிடையாது. ஆத்தோரம்ங்கறதால அடிக்கடி வெள்ளம் வேற. கடைசில அந்த நகலையும் இடிச்சாச்சு. பசியோட வர்றவனுக்கு அங்க ஒரு வேலையும் இல்லாததால அதுக்காகப் போராட யாரும் பெருசா வரல.

லேக்வுட் புலவார்டு வளைவு

இப்ப அசலுக்கு வருவோம். டௌனிலயே, லேக்வுட் புலவார்டும் ஃப்ளாரன்ஸ் அவென்யூவும் சேர்ற முனையில, 1953 ஆகஸ்ட் 18ல திறந்த மெக்டொனால்ட்ஸ் இன்னைக்கும் நடக்குது. இப்ப நிக்கற மெக்டொனால்ட்ஸ்லயே பழசு இதுதான். டிசைன் ஸ்டான்லி கிளார்க் மெஸ்டன். சித்தப்பா பையன் காட்டறேன்னு சொன்ன போர்டு இங்க தான் இருக்கு.

நாங்க போனப்ப பொழுது சாய்ஞ்சிட்டிருந்துச்சு. கட்டடம் நீங்க நினைக்கிறதை விட ரொம்பச் சின்னது. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையா டைல், கண்ணாடி நேரா நிக்காம சாய்ஞ்சு நிக்கும், கூரை ஆப்பு மாதிரி முன்பக்கம் தூக்கி. அந்தக் கூரையை ரெண்டு பக்கமும் துளைச்சுக்கிட்டு ரெண்டு மஞ்சள் வளைவு, ஒவ்வொண்ணும் 30 அடி உயரம். இப்ப உலகம் முழுக்க இருக்கற அந்த எம் எழுத்து இந்த ரெண்டு வளைவைக் கோணத்துல இருந்து பாத்தப்ப வந்தது தான். கிட்டப் போய்ப் பாத்தா வளைவு ஓரம் முழுக்க நியான் குழாய் ஓடுது. இருட்ட இருட்ட மஞ்சள் வெளிச்சம் டைல்ல வழிஞ்ச மாதிரி இருக்கும், சாய்ஞ்ச கண்ணாடில ரோட்டு லைட் படாம உள்ள இருக்கறது பளிச்சுன்னு தெரியும், கண்ணாடியைச் சாய்ச்சதுக்கு அதான் காரணம்னு அங்க நின்னப்ப தான் எனக்கு உறைச்சுது. தனியா ரோட்டோரத்துல 60 அடி உயரத்துல 1959ல வெச்ச இன்னொரு போர்டு, அதுல ஸ்பீடின்னு ஒரு சமையல்கார பொம்மை, தலையே பர்கர். நியான் மாறி மாறி எரியறப்ப காலு ரெண்டும் ஓடும். பர்கர் 15 சென்ட்னு விலையும் போட்டிருக்கு. நாங்க கார்ல இருந்து இறங்கி ரொம்ப நேரம் அந்தக் காலையே பாத்துக்கிட்டு நின்னோம்.

இந்த நியானைப் பராமரிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. கண்ணாடிக் குழாயை நெருப்புல காட்டி கையாலேயே வளைக்கணும், ஒவ்வொரு வளைவும் ஒரு ஆளோட கைப்பழக்கம். காத்தை உறிஞ்சி எடுத்துட்டு வாயு அடைக்கணும். நியான் வாயுன்னா ஆரஞ்சு கலந்த சிவப்பு, ஆர்கானும் கொஞ்சம் பாதரசமும்னா நீலம், மத்த கலர் எல்லாம் கண்ணாடியோட நிறம், உள்பூச்சுல வர்றது. டிரான்ஸ்ஃபார்மர் பல்லாயிரம் வோல்ட் தள்ளும். எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினா செலவு குறையும், ஆனா தூரத்துல இருந்து பாக்கறப்பவே அந்த வெளிச்சம் செத்த மாதிரி இருக்கும். கூகி கட்டடத்துல போர்டைக் கழட்டிட்டு சுவரை மட்டும் காப்பாத்தறது, கோபுரத்தை இடிச்சிட்டு மதிலை வெச்சுக்கற கதை.

இந்தக் கடை பிழைச்சதுக்குக் காரணம் ஒரு காகிதம். இதை நடத்தினவங்க உரிமம் வாங்கினது மெக்டொனால்ட்ஸை முதல்ல தொடங்கின மெக்டொனால்ட் அண்ணன் தம்பிகிட்ட நேரா, ரே கிராக் கம்பெனிகிட்ட இல்ல. அதனால 60கள் கடைசில கம்பெனி தன் கடைங்களை எல்லாம் மாத்தச் சொன்னப்ப இவங்களைக் கட்டாயப்படுத்த முடியல. ஆனா அதே காகிதத்தால புது ஐட்டமும் கிடைக்கல, உள்ள உக்கார இடமும் கிடையாது, டிரைவ்-த்ரூ கிடையாது, வியாபாரம் குறைஞ்சுக்கிட்டே போச்சு. 1990ல கம்பெனி வாங்குச்சு. 1994 ஜனவரில நார்த்ரிட்ஜ் பூகம்பம். சேதம், நஷ்டம்னு காரணம் சொல்லி மூடினாங்க, இடிக்கற பேச்சு வந்துச்சு. ஆனா 31 வயசுலயே, அதாவது 1984லயே, இது தேசிய வரலாற்றுப் பதிவேட்டுக்குத் தகுதின்னு தீர்மானம் ஆகியிருந்துச்சு, வழக்கமா 50 வருஷம் ஆகணும். 1994ல வரலாற்று இடங்களைக் காக்கற தேசிய அறக்கட்டளை நாட்டுலேயே அழியற நிலைல இருக்கற 11 இடங்கள் பட்டியல்ல இதையும் சேத்துச்சு. பொதுமக்கள் எதிர்ப்பு பலமா வந்துச்சு. கம்பெனி மனசு மாறி சரி பண்ணி 1996 டிசம்பர்ல திரும்பத் திறந்துச்சு. பக்கத்துலயே தனிக் கட்டடத்துல சின்ன மியூசியமும் கடையும் வெச்சாங்க, பழைய கட்டடத்தை ஊதிப் பெருசாக்காம இடத் தேவையை வெளில தீத்தது புத்திசாலித்தனம்.

மூணாவது கடை சுருக்கமா. ஃபயர்ஸ்டோன் புலவார்டுலயே, ஜானீஸ்ல இருந்து சில பிளாக் தள்ளி, 1962ல கிளென் பெல்ங்கறவர் முதல் டாக்கோ பெல் திறந்தார், இன்னைக்கு பல ஊர்ல கிளை இருக்கற மெக்சிகன் பாணி சாப்பாட்டுக் கடை அது. 400 சதுர அடி தான், வளைவு முகப்பு, ஸ்பானிஷ் பாணி, கூகி இல்ல. ஆனா ரோட்டோரக் கடைங்கற குடும்பம் ஒண்ணு தான். 1986ல மூடிட்டாங்க, அப்புறம் வேற வேற கடை நடந்துச்சு. 2015ல மனைக்கு ஆபத்துன்னதும் அந்த வருஷம் நவம்பர்ல கட்டடத்தை அப்படியே தூக்கி லாரில ஏத்தி ராத்திரியோட ராத்திரியா 70 கிலோமீட்டர் தள்ளி இர்வைன்ல கம்பெனி தலைமை ஆபீஸுக்குக் கொண்டு போனாங்க. இடிக்காம விட்டாங்களேன்னு சந்தோஷம் தான். ஆனா ரோட்டோரக் கடைக்கு ரோடு பாதி உடம்பு. அந்த வளைவு ஃபயர்ஸ்டோன்ல போற காரைப் பாத்து தான் அர்த்தம் பெறும், ஆபீஸ் கேம்பஸ்ல அது பெட்டிக்குள்ள வெச்ச பொருள். டௌனி பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றப்ப அதைப் பாக்க முடியாது.

கார்ல திரும்பறப்ப சித்தப்பா பையன் கேட்டான், "சட்டம் போட்டா போதாதாண்ணே?"ன்னு. போதாதுன்னு தான் சொன்னேன். லாஸ் ஏஞ்சலஸ் சிட்டில நினைவுச்சின்னம்னு அறிவிச்சாலும் நிரந்தரப் பாதுகாப்பு கிடையாது, இடிக்கறதை 180 நாள், நீட்டிச்சா இன்னொரு 180 நாள் தள்ளிப் போடலாம், அவ்வளவு தான். 2015ல லாஸ் ஏஞ்சலஸ்ல லா சியெனகா புலவார்டுல இருக்கற நார்ம்ஸ்ங்கற காபி ஷாப், 1957ல கட்டினது, ரம்பப் பல் மாதிரி போர்டு, அதுக்கு இடிக்கற பர்மிட் வாங்கிட்டாங்கன்னு தெரிஞ்சதும் கன்சர்வன்ஸி ஓடிப்போய் மே மாசத்துக்குள்ள நினைவுச்சின்னமா அறிவிக்க வெச்சாங்க. அங்க சட்டம் குடுத்தது நேரம். அந்த நேரத்துலயும் உள்ள முட்டை பொரிச்சுக்கிட்டு இருந்தாங்க, மக்கள் க்யூல நின்னாங்க, அது தான் நார்ம்ஸுக்கும் 2002 ஜானீஸுக்கும் வித்தியாசம். அடுப்பு அணைஞ்சு கிடந்த ஜானீஸுக்கு சட்டம் குடுத்த நேரம் அஞ்சு வருஷம், அஞ்சு வருஷமும் யாரும் உள்ள சமைக்கல.

அதனால பழைய ரோட்டோரக் கடை ஏதாவது மூடப் போறாங்கன்னு கேள்விப்பட்டா, மனு எழுதறதுக்கு முன்னாடி நான் செய்யச் சொல்றது இது: பிளான் எங்க இருக்குன்னு தேடுங்க, கட்டினவர் வீட்டு அலமாரியா, சிட்டி ஆபீஸ் ரெக்கார்டு ரூமான்னு. ஒவ்வொரு மூலையையும் அளவுகோல் வெச்சு போட்டோ எடுங்க, போர்டோட பின்பக்கம், ஸ்டூல் பொருத்தின போல்ட் வரைக்கும். அடுத்த நாளே அந்த அடுப்பைப் பத்த வெக்க யார் தயார்னு ஒரு ஓட்டல்காரரைத் தேடிப் பிடிங்க. டௌனில இந்தக் கடைசி ஆள் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போற வழியில பாப்ஸ் பிராய்லர்ல நிறுத்தினோம். நிழல் கூரைக்கு அடில பழைய செவ்ரலே ஒண்ணு பானெட்டைத் திறந்துக்கிட்டு நின்னுச்சு, அதைச் சுத்தி வயசான நாலு பேர் இன்ஜினைக் காட்டிப் பேசிக்கிட்டிருந்தாங்க. உள்ள உக்காந்து ரெண்டு அடுக்கு பர்கர் சொன்னோம். பரிமாற வந்த அம்மா, நான் தலையைத் தூக்கி கூரையையே பாக்கறதைப் பாத்துட்டு, ரோட்டுப் பக்கம் கையைக் காட்டி அந்தப் போர்டு பழசு, இந்தச் சுவர் புதுசுன்னு பிரிச்சுப் பிரிச்சு சொல்லிட்டு, கெட்சப் பாட்டிலை வெச்சுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டாங்க.